'டக்'னு சத்தம் மட்டும் வருது, லிஃப்ட் வரலை: வீல்சேர் கேம்பர் வேனில் எந்தக் கோளாறுக்கு எங்கே முதலில் பார்ப்பது

அக்காவுக்காக நாங்கள் மாற்றிக் கட்டிய வண்டி ஒரு பழைய டிராவலர் வேன். பின்கதவில் ஹைட்ராலிக் லிஃப்ட், நடுவில் வீல்சேர் நிற்க இடம், ஓரமாக மடக்குக் கட்டில், அதற்கு எதிரே சின்ன அடுப்படி. சேலத்தில் கிளம்பி, ஏற்காட்டில் தெரிந்தவர் காப்பித் தோட்டத்து முற்றத்தில் இரண்டு ராத்திரி தங்கித் திரும்புவதுதான் அதற்கு வழக்கமான வேலை. சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பதால், இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நாலைந்து குடும்பங்களும் கோளாறு என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஃபோனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். தியரி எதுவும் இல்லை. உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்ப் படியுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னும் மூன்று வேலை. லிஃப்ட் மேல் ஆள் இருந்தால் முதலில் பத்திரமாக இறக்கணும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கணும். மூன்றாவது, வீல்சேரில் இருப்பவரிடம் "என்ன மாதிரி இருந்துச்சு?" என்று கேட்கணும். அக்காவுக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆனால் பெல்ட் தளர்ந்ததை, லிஃப்ட் ஒரு பக்கம் சாய்ந்ததை, நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவள்தான் சொல்லியிருக்கிறாள். தோளில் தெரியுமாம்.

கையில் வேண்டியது: மல்டிமீட்டர், 10 முதல் 19 வரை ஸ்பேனர், உப்புத்தாள், கூடுதல் ஃப்யூஸ், டார்ச், கரண்ட் இல்லாதபோது லிஃப்டைக் கையால் இயக்கும் கைப்பம்பின் பிடி. அந்தப் பிடியைப் பின்கதவுக்குப் பக்கத்திலேயே கிளிப் போட்டு மாட்டுங்கள். எங்கள் வண்டியில் ஒரு காலத்தில் அது கட்டிலுக்கு அடியில், அரிசிப் பைக்குக் கீழே, ஸ்டவ்வுக்குப் பின்னால் இருந்தது. தேவைப்பட்ட அன்றுதான் தெரிந்தது.

## லிஃப்ட்: பட்டன் அழுத்தினால் சத்தமே இல்லை

இது பெரும்பாலும் பணம் செலவாகாத கோளாறு. இந்த வரிசையில் பாருங்கள்.

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா? சர்வீஸுக்கு விட்டு வந்த மறுநாள் வரும் ஃபோன்களில் பாதி இதுதான்.

ஹேண்ட் பிரேக் முழுசாக ஏறியிருக்கிறதா? பல லிஃப்டுகள் ஹேண்ட் பிரேக் போட்டால்தான் வேலை செய்யும்படி கட்டப்பட்டவை. கேபிள் இழுத்துக்கொண்ட வண்டியில் பிடி மேலே நிற்கும், அதற்கடியில் இருக்கும் சுவிட்ச் மட்டும் அழுந்தாது. இன்னும் ஒரு பல் ஏற்றிப் பாருங்கள்.

பின்கதவு முழுசாகத் திறந்து கொக்கியில் மாட்டியிருக்கிறதா? கதவுச் சட்டத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மழைக்குப் பின் அது பிடித்துக்கொள்ளும். விரலால் நாலைந்து தடவை அழுத்தி விட்டால் பெரும்பாலும் உயிர் வரும்.

பிளாட்ஃபார்ம் நுனியில் சக்கரம் உருளாமல் தடுக்கும் மடக்குத் தகடு முழுசாக நிமிர்ந்திருக்கிறதா? அதன் கீலில் ஒரு சரளைக் கல் மாட்டினாலே போதும், லிஃப்ட் ஏறாது. பலமாக இழுக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள், கல்லை எடுங்கள்.

அதற்கப்புறம் மெயின் ஃப்யூஸ். அது போயிருந்தால் அதே ஆம்பியர் புதுசு போடுங்கள். புதுசும் உடனே போனால் எங்கோ ஷார்ட். அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சிகரெட் அட்டை ஈயத்தாளைச் சுற்றி வைக்கும் வித்தையை இந்த வண்டியில் காட்டக் கூடாது.

கடைசியாக ரிமோட் ஒயர். கதவு இடுக்கில் நசுங்கும் இடத்தில் வளைத்து வளைத்துப் பட்டனை அழுத்துங்கள். ஒரு கோணத்தில் வேலை செய்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

## லிஃப்ட்: 'டக்' என்று மட்டும் சத்தம்

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். ஏனென்றால் இதற்குத்தான் ஆட்கள் தேவையில்லாமல் பம்ப் மாற்றுகிறார்கள்.

'டக்' என்றால் சோலினாய்டு, அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச், இழுக்கிறது. மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் போகவில்லை. லிஃப்ட் மோட்டார் 12 வோல்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் சாதனம். வழியில் எங்கே ஒரு துளி துரு இருந்தாலும் அது தாங்காது.

முதலில் பேட்டரி. இன்ஜின் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பாருங்கள். ஈய-அமில பேட்டரி என்றால் 12.6 நல்லது, 12.2 பாதி, 12-க்குக் கீழே லிஃப்டை நம்பாதீர்கள். இப்போது ஒருவர் பட்டனை அழுத்தட்டும், நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் போய்விட்டது. 11-க்கு மேல் நின்றும் மோட்டார் சுற்றவில்லையென்றால் பேட்டரி மேல் தப்பில்லை. ஒயர் பக்கம் போங்கள்.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறதா? வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். கிளாம்பைக் கையால் திருகினால் அசையக் கூடாது.

அடுத்தது எர்த், அதாவது மோட்டாரிலிருந்து வண்டி உடம்பு வழியாகப் பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பும் வழி. இங்கேதான் எங்கள் வண்டி என்னையே ஏமாற்றியது. சேலத்தில் மத்தியானம் லிஃப்ட் ஜோராக ஏறும். ஏற்காட்டில் காலை ஏழு மணிக்கு, பனி கவிந்து கிடக்கும்போது, 'டக்' மட்டும். பத்து மணிக்கு வெயில் ஏறினால் மறுபடி வேலை செய்யும். மூன்று பயணம் இப்படி. "உன் வண்டிக்குக் குளிருதுடா" என்று அக்கா சிரித்தாள். நான் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கே கொண்டு போய்விட்டேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு "மோட்டார்ல ஒண்ணுமில்லைங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

நாலாவது தடவை காலைப் பனியிலேயே மீட்டரை எடுத்தேன். ஒரு முள் பேட்டரி மைனஸில், இன்னொன்று பம்ப் மோட்டாரின் உடம்பில். அக்கா பட்டனை அழுத்தினாள். 2.4 வோல்ட். அங்கே 0.3-க்கு மேல் காட்டக் கூடாது. எர்த் லக்கை (கேபிள் நுனி வளையத்தை) கழற்றினால், பாடி கட்டிய பட்டறையில் பெயின்ட் அடித்து முடித்துவிட்டு, அந்தப் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். போல்ட் புரியில் மட்டும்தான் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புரியில் மலைப் பனி இறங்கி, காப்பிப் பொடி நிறத்தில் துரு. பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்க வைத்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். இருபது நிமிட வேலை. அப்புறம் இன்றுவரை அந்த 'டக்' வரவில்லை.

அதனால் வண்டி கோளாறு காட்டும் இடத்தில், காட்டும் நேரத்திலேயே மீட்டர் வையுங்கள். கடைக்குக் கொண்டுவந்தால் அது நல்ல பிள்ளையாக நடிக்கும்.

எர்த் சரி என்றால் பிளஸ் கேபிளையும் அதே மாதிரி பாருங்கள்: ஒரு முள் பேட்டரி பிளஸில், மற்றது மோட்டார் பிளஸில், பட்டனை அழுத்தும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள் மெலிசு, அல்லது நடுவில் ஜாயின்ட் கெட்டது. பேட்டரி முன்னால், லிஃப்ட் பின்னால் என்றால் 35 சதுர மி.மீ. செம்புக் கேபிளுக்குக் குறைந்து போடாதீர்கள். 10 சதுர மி.மீ. போட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். லிஃப்ட் இரண்டு தடவை ஏறி இறங்கினால் அந்தக் கேபிள் கையில் சுடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சுற்றவில்லையா? மோட்டார் உடம்பை ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. சில நூறு ரூபாயில் முடியும். தட்டியும் வேலை இல்லை, சோலினாய்டின் இரண்டு தடித்த முனையிலும் வோல்ட் சரியாக வருகிறது என்றால் மட்டும் மோட்டாரைக் குற்றம் சொல்லுங்கள். புது பம்ப்-மோட்டார் செட் என்றால் ஐந்திலக்கத்தில் செலவு.

சோலினாய்டின் இரண்டு முனையையும் ஸ்பேனரால் ஷார்ட் செய்து ஓட்டிக் காட்டும் மெக்கானிக் அண்ணன்கள் உண்டு. கதவு, தகடு என்று எந்தப் பாதுகாப்பு சுவிட்சும் அப்போது கேட்காது. ஸ்பேனர் ஒட்டிக்கொண்டால் லிஃப்ட் நிற்கவும் நிற்காது. மேலே ஆள் இருக்கும்போது யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள்.

## லிஃப்ட்: பாதியில் நிற்கிறது, முனகிக்கொண்டு ஏறுகிறது

முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். பவர் வீல்சேர் மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். அதில் ஆள், மடியில் பை, பின்னால் தொங்கும் தண்ணீர் கேன், கூடவே "நானும் ஏறிக்கறேன்" என்று நிற்கும் உதவியாள். லிஃப்டின் தகட்டில் எத்தனை கிலோ என்று பொறித்திருக்கிறதோ அதுதான் கணக்கு. உதவியாள் தரையில் நிற்கட்டும்.

ஆள் இல்லாமல் ஏற்றிப் பாருங்கள். வெறும் பிளாட்ஃபார்மும் பாதியில் நின்றால் ஆயில் குறைவு. பிளாட்ஃபார்மை முழுசாகத் தரைக்கு இறக்கிய பிறகுதான் ஆயில் மட்டம் பார்க்கணும். மேலே தூக்கி வைத்துப் பார்த்து ஊற்றினால், இறக்கும்போது டேங்க் பொங்கி வழியும். தயாரிப்பாளர் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள், மீந்த பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் உப்பிக் கெட்டுவிடும்.

ஆயில் எங்கே போனது என்பது அடுத்த கேள்வி. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள்.

வெறுமனே ஏறுகிறது, ஆள் இருந்தால் நிற்கிறது என்றால் முதலில் மேலே சொன்ன வோல்ட் சோதனை. அது சரி என்றால் ரிலீஃப் வால்வ். அதைத் திருகி அழுத்தத்தை ஏற்றுவது சுலபம்தான். ஆனால் அது எடை அதிகமானால் விட்டுக்கொடுக்க வேண்டிய வால்வ். லிஃப்ட் சர்வீஸ் ஆளைத் தவிர யாரும் தொடக் கூடாது.

## லிஃப்ட்: தானாக இறங்குகிறது

பிளாட்ஃபார்மை வண்டித் தரை மட்டத்துக்கு உயர்த்தி, சட்டத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு மணி நேரம் விடுங்கள். கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தால் அன்றோடு ஆள் ஏற்றுவது நிற்கணும். கீழே குனிந்து பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள்.

காரணம் இரண்டில் ஒன்று: வால்வில் தூசி, அல்லது சிலிண்டர் சீல். டிப்பர் லாரிக்கு ஜாக்கி சீல் மாற்றும் ஆட்களுக்கு நம் ஊர்ப் பக்கம் பஞ்சமில்லை. சங்ககிரி, நாமக்கல் வரைக்கும் லாரித் தொழில்தானே. சீல் மாற்றுவதை அவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம், கை சுத்தமான வேலை. வால்வ் பிளாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். மண் ஏற்றும் ஜாக்கி ஒரு சாண் இறங்கினால் யாரும் விழமாட்டார்கள், ஆள் ஏற்றும் லிஃப்ட் அப்படியில்லை.

## பெல்ட்: மூன்றாவது வளைவிலேயே வீல்சேர் ஆடுகிறது

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு. பெல்ட்டில் உள்ள குறை எல்லாம் முதல் மூன்று, நாலில் தெரிந்துவிடும். ஆடினால் அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற பேச்சு வேண்டாம்.

கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது? கால்பலகை, கைப்பிடி, சக்கரம் என்று கழன்று வரும் எதிலும் மாட்டக் கூடாது. சேரின் சட்டத்தில், வெல்டிங் செய்த மூட்டுக்குப் பக்கத்தில் மாட்டணும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மொத்தம் நாலு. சேர் முன்பக்கம் பார்த்தே நிற்கணும். இடம் மிச்சம் பிடிக்கக் குறுக்கே நிறுத்திக் கட்டிய வண்டியைப் பார்த்தேன். அதை மாற்றும் வரை ஆள் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாய்வு சரியா? பின் பெல்ட்டுகள் தரையோடு 30 முதல் 45 டிகிரி, முன்னவை 40 முதல் 60. பின் பெல்ட் ரொம்பச் செங்குத்தாக நின்றால் பிரேக் அடிக்கும்போது சேர் முன்னால் நழுவும்.

சேரின் டயரில் காற்று இருக்கிறதா? இதை யாரும் பார்ப்பதில்லை. சேலத்தில் இறுக்கிக் கட்டியிருப்பீர்கள். டயர் காற்று குறைவாக இருந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சேர் அமுங்கும், அமுங்கினால் பெல்ட் தளரும். நீங்கள் ராட்செட்டை (பெல்ட்டை இறுக்கும் பல் பூட்டை) திட்டிக்கொண்டிருப்பீர்கள். கட்டுவதற்கு முன்னால் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

ராட்செட் பல்லில் மண். பிரஷ் போட்டுத் தட்டுங்கள். பெல்ட் நூல் பிரிந்திருந்தால், ஓரம் வெட்டுப்பட்டிருந்தால், தைக்காமல் தூக்கிப் போடுங்கள். சரக்கு லாரி தார்ப்பாய் பெல்ட் இதற்கு மாற்றல்ல.

தரையில் போல்ட் அசைகிறதா? இதுதான் செலவு வைக்கும் காரணம். பிளைவுட் தரையில் வெறும் வாஷர் போட்டு இறுக்கியிருந்தால், ஆறு மாதத்தில் பிளைவுட் நசுங்கிப் போல்ட் லொடலொடக்கும். அடியில் இரும்புத் தகடு கொடுத்து, சேசிஸ் குறுக்குச் சட்டத்தோடு பிடித்து, தலையில் 8.8 என்று வலுவின் எண் பொறித்த போல்ட்டும், அதிர்வில் கழலாத நைலாக் நட்டும் போடணும். தகடு வெட்டுவது, வெல்டிங் எல்லாம் பட்டறை வேலை. டீசல் டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் துளை போடும் ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

இறுக்கிய பின் ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடு வரைக்கும் நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். அக்காவுடைய சிவப்பு நெயில் பாலிஷ். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தால், கோடு நேராக இருக்கிறதா, உடைந்து விலகியிருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். "என் விரலுக்குப் போட்டதை விட வண்டிக்குப் போட்டதுதான் அதிகம்" என்பாள்.

எல்லாம் கட்டிய பிறகு சேரைப் பிடித்து உலுக்குங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. கடைசியாக ஒன்று: சேரைக் கட்டும் பெல்ட் வேறு, ஆளுக்கான பெல்ட் வேறு. ஆளுடைய இடுப்பு, தோள் பெல்ட் வண்டியோடு பிடித்திருக்கணும். சேரோடு வரும் மெல்லிய இடுப்புப் பட்டை உட்கார வைக்கத்தான், விபத்துக்கு அல்ல.

## மேலே போனதும் காற்று மெத்தை கல்லு மாதிரி ஆகிறது

வீல்சேரில் காற்று அடைத்த குஷன் வைத்திருப்பவர்களுக்கு. ஏற்காட்டுக் கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள், பலூன் மாதிரி உப்பியிருக்கும். சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். வெளிக் காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. பாக்கெட் உப்புவது போலவே குஷனும் உப்பும். உப்பிய குஷனில் ஆள் மூழ்காமல் மேலேயே உட்காருவார், எலும்பு முட்டும் இடத்தில் எடை குவியும். உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியாது. இரண்டு மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும்.

சோதனை: ஆளை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, குஷனுக்கும் உட்காரும் எலும்புக்கும் நடுவில் கையை விடுங்கள். எலும்புக்கும் குஷன் அடித்தரைக்கும் நடுவே அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை இருக்கணும். அதற்கு மேல் இருந்தால் வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

அசல் சிக்கல் இறங்கிய பிறகு. மேலே விட்ட காற்றை யாரும் திரும்ப அடிப்பதில்லை. கீழே வந்ததும் குஷன் சூம்பி, எலும்பு நேராகப் பலகையில் போய் நிற்கும். நாங்கள் ஒரு தடவை இதில் மாட்டினோம், அக்கா மூன்று வாரம் குப்புறப் படுத்தே இருந்தாள். அதற்கப்புறம் குஷனுக்குக் காற்றடிக்கும் கைப்பம்ப்பை டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே கட்டிவிட்டேன். அடிவாரம் வந்ததும் டீக்கு முன்னால் காற்று.

சிவந்த இடம், எடையை எடுத்து அரை மணி நேரமாகியும் வெளுக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் களிம்பு கேட்டு நிற்கும் விஷயம் அல்ல.

## வளைவில் திடீரென்று "தலை இடிக்குது" என்கிறார்

மலைப்பாதையில் வரும் சாதாரணத் தலைச்சுற்றல் என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர் என்றால், முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, தலை தெறிப்பது ரத்த அழுத்தம் ஏறுவதின் அடையாளம். எங்கள் அனுபவத்தில் காரணம் வண்டியிலேயே இருந்தது: மடி பெல்ட்டுக்கு அடியில் சிறுநீர்க் குழாய் மடிந்து மாட்டிக்கொண்டது.

வண்டியை நிறுத்துங்கள். படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். பெல்ட், இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். குழாயை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பாருங்கள்: மடிப்பு, முறுக்கு, நிரம்பிய பை. மடிப்பை எடுத்துச் சில நிமிடத்தில் தலைவலி இறங்கவில்லையென்றால் 108. எந்த வளைவில் இருக்கிறீர்கள் என்று எண் பலகை பார்த்துச் சொல்லுங்கள். இனி குழாயைப் பெல்ட்டுக்கு மேலாகக் கொண்டு போங்கள், கீழாக வேண்டாம்.

சித்திரை வெயிலில் சேலத்துக்குள் வண்டி நிறுத்தி வைத்திருந்தால் வேறொரு ஆபத்து. இதே மாதிரி அடிபட்டவர்களுக்குக் கீழுடம்பு வியர்க்காது, சூடு இறங்க வழியில்லை. உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் ஈரத்துணி, நிழல், ஏ.சி., ஆஸ்பத்திரி. ஏ.சி. கோளாறை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## ராம்ப் வைத்த சின்ன வண்டி: ஏற்ற முடியவில்லை, வழுக்குகிறது

ஈகோ மாதிரி வண்டிகளில் லிஃப்டுக்குப் பதில் அலுமினிய ராம்ப்தான். தரை உயரம் 60 செ.மீ., ராம்ப் 180 செ.மீ. என்றால் ஒன்றுக்கு மூன்று சாய்வு. கட்டிடத்துக்குச் சொல்லும் ஒன்றுக்குப் பன்னிரண்டு இங்கே நடக்காது, ஏழு மீட்டர் ராம்ப் வேண்டும். செலவில்லாத வழி, நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. மேட்டுப் பக்கம் வண்டியின் பின்புறம் இருக்கும்படி நிறுத்துங்கள். ராம்ப் நுனி 20 செ.மீ. மேட்டில் உட்கார்ந்தால் ஏற வேண்டியது 40 செ.மீ.தான். மலையில் இப்படி இடத்துக்குக் குறைவே இல்லை. முன்சக்கரம் பள்ளம் பார்த்து நிற்பதால் கட்டை கண்டிப்பாக வேண்டும்.

வழுக்கினால்: பனியும் சேறும் துடைத்த பிறகும் வழுக்குகிறதா? உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான கிரிப் டேப் ஒட்டுங்கள், அதற்கு முன் தின்னர் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். இறக்கும்போது சேர் பின்பக்கமாகவே இறங்கணும், நீங்கள் கீழே நின்று தாங்கணும்.

ராம்ப் நடுவில் தொய்கிறது என்றால் சாதாரண வெல்டிங் வைத்து ஒப்பேற்றாதீர்கள். அலுமினியம் வெல்டிங் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள்.

## ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாம் அணைகிறது

விளக்கு அணைந்தால் தூங்கலாம். படுக்கைப்புண் வராமல் காற்று மாற்றும் மெத்தையின் பம்ப் நின்றால் தூங்க முடியாது. மெத்தை சூம்புவதற்குள் ஆளைப் புரட்டுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ரிப்பேர் காலையில்.

காலையில் இன்ஜின் ஓடும்போது வண்டிக்குள் விளக்கு, பம்புக்கெல்லாம் கரண்ட் தரும் இரண்டாவது பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 13.8-க்கு மேல் வந்தால் சார்ஜ் ஆகிறது. அப்படியென்றால் பேட்டரி கிழம், அல்லது செலவு அதிகம். ஃப்ரிட்ஜும் பவர் சேர் சார்ஜரும் ஒரே ராத்திரியில் ஓடினால் சின்ன பேட்டரி தாங்காது. நாங்கள் சேரைப் பகலில், வண்டி ஓடும்போது சார்ஜ் போடுகிறோம்.

12.5-லேயே நிற்கிறது என்றால் வரிசை: நடுவில் இருக்கும் ஃப்யூஸ், அப்புறம் இரண்டு பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் ஐசொலேட்டர் ரிலே, அப்புறம் எர்த். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் இன்னொரு சங்கதி உண்டு. பல வண்டிகளில் முன் பேட்டரி நிரம்பியதும் ஆல்டர்னேட்டர் வோல்ட்டைத் தானே இறக்கிவிடும். வெறும் ரிலே போட்டால் பின் பேட்டரி எப்போதும் அரை வயிறுதான். வோல்ட்டை ஏற்றிப் பின் பேட்டரியை நிரப்பும் டிசி-டிசி சார்ஜர் போட வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தவர்கள் உடனே எடுத்துவிடுங்கள். வளைவில் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஆகும்போது எரியும் வாயு வரும். அதன் மேல்தான் ஆள் படுத்திருக்கிறார்.

## கேஸ் வாசனை

சுவிட்ச் எதையும் தொடாமல், ஆளை வெளியே இறக்குங்கள். லிஃப்ட் மோட்டாரும் பொறி விடும், அதனால் கைப்பம்பு. கேஸ் காற்றை விடக் கனமானது, தரையில்தான் தேங்கும். தரை மட்டத்தில் ஒரு துளை இல்லாத வண்டியில் சிலிண்டரை உள்ளே வைக்காதீர்கள். கசிவை சோப்பு நுரை தடவிப் பாருங்கள். டியூப், வாஷர் வரை நீங்கள், ரெகுலேட்டர், சிலிண்டர் வால்வ் என்றால் ஏஜென்சி.

## எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனை), இன்ஷூரன்ஸில் நிறுத்திவிட்டார்கள்

தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் ஏற வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்பே போய்க் கேளுங்கள். ஏறிய ஆர்.சி.யின் நகலை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பட்டறைக்காரர் "அதெல்லாம் பாத்துக்கலாம்ணே" என்றால், அவர் பார்க்கமாட்டார்.

## இறங்கும்போது கருகல் வாசனை, ஸ்டியரிங் லேசாகிறது

ஏறின கியரிலேயே இறங்குங்கள். பின்னால் லிஃப்ட், தண்ணீர் டேங்க், பேட்டரி என்று கூடின வண்டி, மாற்றிக் கட்டுவதற்கு முன் இருந்த அதே வண்டி அல்ல. பிரேக் மிதியிலேயே காலை வைத்து இறங்கினால் பத்தாவது வளைவுக்குள் லைனிங் கருகும்.

ஸ்டியரிங் லேசாக மிதப்பது போல் தோன்றினால் எடை பின் அச்சுக்குப் பின்னால் குவிந்திருக்கிறது. முதலில் தண்ணீர் டேங்கைக் காலி செய்து பாருங்கள். பிறகு பேட்டரியையும் டேங்கையும் இரண்டு அச்சுக்கும் நடுவில் தள்ளுங்கள். அப்படியும் பின்பக்கம் தொங்கினால் ஸ்பிரிங் பட்டை இறங்கியிருக்கிறது. கூடுதல் பட்டை போடுவது பட்டறை வேலை. போட்ட பிறகு லிஃப்ட் தரையைத் தொடுகிறதா என்று மறுபடி பாருங்கள். வண்டி உயர்ந்தால் பிளாட்ஃபார்ம் எட்டாது.

பிரேக் மிதி ஆழமாகப் போக ஆரம்பித்தால் அங்கேயே ஒதுங்குங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிரம் விரிசல் விடும். ஆறிய பிறகும் மிதி மேலே வரவில்லையென்றால் வண்டியை நகர்த்த வேண்டாம், கீழேயிருந்து மெக்கானிக்கை மேலே வரச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில் வீல்சேரில் இருப்பவரின் குஷனில் ஒரு தடவை கை விட்டுப் பார்த்துவிடுங்கள், பாதி மலை இறங்கியிருப்பீர்கள்.